செந்தேரியில் வழிகாட்டி யார்?

(நாகர்கோவிலில் தோழர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கூட்டத்தார் கேட்டபோது, சென்ற ஆனி மாதக் கடைசியில் நாங்கள் சில பேர் போய் வந்த ஒரு நாள் பிரயாணத்தைப் பற்றித்தான் என்று சொன்னோம். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்ததை ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டுமா என்பது அவர்கள் சந்தேகம். அது நியாயமான சந்தேகந்தான். ஏனென்றால் நம் ஜனங்கள் பெரும்பாலோருக்குப் பிரயாணம் என்றால் இரண்டே காரணம். ஒன்று கோயில் குளம். மற்றொன்று கல்யாணம், கருமாதி. மண்ணைப் பார்க்கவும், காற்றைப் பார்க்கவும், பாடுபடும் மனிதனைப் பார்க்கவும் கைப்பணம் செலவழித்துப் போவது என்பதை இன்னும் நாம் சோம்பேறிகளின் வேலையாகவே நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு நாளில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அந்தப் பாடத்தில் எங்களுக்கு வெட்கமும் கலந்திருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட ஆசைப்படுகிறோம்.

போன இடம் எது?

வட இந்தியாவில் பாலைவனம் இருக்கிறது, அமெரிக்காவில் செம்பாறைப் பள்ளத்தாக்கு இருக்கிறது என்று படத்தில் பார்த்து வாய் பிளக்கிறோம். நாகர்கோவிலிலிருந்து வேனில் இரண்டு மூன்று மணி நேரம் போனால், தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்திற்கும் திருச்செந்தூருக்கும் இடையில், குருதி கொட்டியதுபோல் சிவந்த மணற்காடு மைல் கணக்கில் கிடக்கிறது. அதற்குத் தேரி என்று பெயர். அதிலே பெரியது குதிரைமொழித் தேரி. காற்று குவித்த மேடுகளும், மழைநீர் அறுத்த பள்ளங்களும், அந்தப் பள்ளங்களின் ஓரத்தில் சுவர் வைத்தாற்போல் நிற்கும் செம்மண் கரைகளுமாக அது ஒரு தனி உலகம். நம் முட்டம் கடற்கரை மேட்டில் நிற்கும் செம்மணலும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே ஊர் சுற்றிக் காட்டும் தொழில் செய்கிற ஒருவர், தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக் கொண்டு, ஒரு வேனில் பன்னிரண்டு பேரை ஏற்றி, ஒரு வழிகாட்டியையும் கூட அனுப்பினார். பன்னிரண்டு பேர் யார்? பள்ளிக்கூட உபாத்தியாயர் இரண்டு பேர், கடைக்காரர் ஒருவர், வள்ளத்தில் போகிற மீன் தொழிலாளத் தோழர் ஒருவர், தையற்காரர், தாதியர் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர், அவர் மகளான கல்லூரி மாணவி ஒருவர், ஆசாரம் பார்க்கிற ஒரு பெரியவர், இப்படிப் பல ஜாதியிலும் பல மதத்திலும் பிறந்தவர்கள். அந்தப் பெரியவர் மட்டும் தமக்குத் தனிச் சோறும், தனிச் செம்பில் தண்ணீரும் கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் ஒரே பாத்திரத்துப் புளிச்சோற்றையும் மரச்சீனிக் கிழங்கையும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

இதில் என்ன அதிசயம் என்று இளைஞர்கள் கேட்கலாம். அவர்களுக்குச் சொல்லுகிறோம். 1926-இல் நம் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது எதற்காக? கோயிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக! நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம், மனிதன் நடக்கக் கூடாது என்றிருந்த தெருவில் காலை வைப்பதற்காக! 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் ராஜாவின் பிரகடனம் வந்த பிறகுதான் கோயில் கதவே திறந்தது. தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்த நாட்டிலே, பன்னிரண்டு ஜாதிக்காரர் தோளோடு தோள் இடித்துக் கொண்டு ஒரு வேனில் உல்லாசமாகப் போவதென்பது சும்மா வந்ததல்ல. யாரோ அடிபட்டதால் வந்தது. அதை நினைத்துக் கொண்டே புறப்பட்டோம்.

கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்வரை இருபுறமும் பச்சை. வயல், வாழை, தென்னை, குளம். கணவாயைத் தாண்டி முப்பந்தல் வந்ததும் பச்சை போய்விடுகிறது. கட்டாந்தரையும், உடைமரமும், நூற்றுக்கணக்கான காற்றாலைகளுந்தான். வேனில் ஒரு தோழர், "நாஞ்சில் நாடு புண்ணிய பூமி, அதனால்தான் மழை நம்மோடு நின்றுவிடுகிறது" என்றார்.

புண்ணியத்திற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலை மறிக்கிறது. காற்று மேலே ஏறிக் குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரம் மழையாய்க் கொட்டிவிடுகிறது. நாம் மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அந்த மழையில் பங்கு கிடைக்கிறது. காற்று அந்தப் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடு, காய்ந்து, சூடேறி இறங்குகிறது. கணவாய் என்னும் சந்தில் நுழைவதால் வேகமும் கூடுகிறது. அந்த வேகந்தான் காற்றாலையைச் சுற்றுகிறது. இதில் புண்ணியம் செய்தவர் யார், பாவம் செய்தவர் யார்? அன்றியும் நம்முடைய பச்சை முழுவதும் மழை தந்ததுமல்ல. 1897 முதல் 1906 வரை ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் மண்ணும் கல்லும் சுமந்து கட்டிய பேச்சிப்பாறை அணையை மறந்துவிட்டுப் புண்ணியம் பேசுவது நன்றி கெட்ட பேச்சு அல்லவா?

மண் ஏன் சிவந்தது?

தேரிக்குள் இறங்கியதும் எல்லோரும் பேச்சற்றுப் போனோம். பூமி இவ்வளவு சிவப்பாக இருக்க முடியுமா என்றிருந்தது. ஒரு பிடி அள்ளி வெள்ளைத் துணியில் தேய்த்தால் துணி சிவக்கிறது. அந்தச் சிவப்பு வேறொன்றுமில்லை, இரும்புத் துரு. மணலோடு கலந்து கிடக்கிற இரும்புச் சத்துள்ள தாதுக்கள் வெயிலிலும் ஈரத்திலும் நாளடைவில் துருவேறி, ஒவ்வொரு மணலின் மேலும் ஒரு மெல்லிய பூச்சாக ஒட்டிக் கொள்கின்றன. நம் வீட்டுப் பழைய மண்வெட்டியில் ஏறுகிற அதே துருதான்.

இம்மணல் எங்கிருந்து வந்தது என்பதில் ஆராய்ச்சிக்காரர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, மலையடிவாரச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடற்கரைப் பக்கம் கொட்டியது என்பது ஒரு சாரார் கட்சி. பனியூழிக் காலத்தில் கடல் வற்றிப் பின்வாங்கியபோது வெளியே தெரிந்த மணலைக் காற்று குவித்தது என்பது மற்றொரு சாரார் கட்சி. அபிப்பிராயம் இரண்டானாலும் இரு சாராரும் அடித்துக் கொள்வதில்லை. சாட்சியம் தேடி மண்ணைத் தோண்டுகிறார்கள். இத்தேரிகளில் ஆதி மனிதர் செதுக்கிய சிறு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்னும் இரு அறிஞர்கள் 1956-இல் விரிவாக எழுதினார்கள். கோயிலும் ராஜாவும் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே இந்த மண்ணில் மனிதன் கல்லைத் தட்டிப் பிழைத்திருக்கிறான் என்று தெரிகிறது.

அமெரிக்காவில் அரிசோனா நாட்டிலும் இதே துருச் சிவப்புத்தான். அங்கே சுமார் பதினெட்டு, இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுக் குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லாகிவிட்டன. அந்தக் கல்லை வெள்ளம் அறுத்து, ஆள் நுழையும் சந்துகளாக ஆக்கிவிட்டது. அதில் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு என்பது பேர் போனது. அந்நிலம் நவஹோ என்னும் பூர்வகுடிகளுடையது. 1997 ஆகஸ்டு 12-ஆம் தேதி, எங்கோ மைல் கணக்கான தூரத்தில் பெய்த மழையின் வெள்ளம் அச்சந்துக்குள் பாய்ந்து 11 பேர் மாண்டார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை ஒன்றும் இல்லை! இன்று அங்கே அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. வழிகாட்டி என்பவன் கதை சொல்லுகிறவன் அல்ல. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மழை பெய்தால் காலடியில் என்ன ஆகும் என்று காரணகாரியம் அறிந்தவன் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

வழிகாட்டி சொன்ன கதை

எங்கள் வழிகாட்டி மரியாதையான இளைஞர். அவரைக் குறை சொல்லுவது நம் நோக்கமல்ல. தேரியின் நடுவே அய்யனார் கோயில் ஒன்று இருக்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் என்று பெயர். பக்கத்தில் ஒரு சுனை. அந்தச் சுனைக்கரையில் அவர் ஒரு கதை சொன்னார். முன்னொரு காலத்தில் ராஜாவின் தோட்டத்து மாம்பழம், தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணின் குடத்தில் விழுந்துவிட்டதாம். திருடி என்று பழி சுமத்தி அவளைக் கொன்றுவிட்டார்களாம். அவள் இட்ட சாபத்தால் நிலம் எரிந்து சிவந்ததாம். சுனையை மட்டும் அய்யனார் காப்பாற்றினாராம்.

சுனை வற்றாததற்குக் காரணம், பெய்கிற மழை ஓடிப் போகாமல் மணலுக்குள் இறங்கித் தங்கிவிடுவது. மேல் மணல் காய்ந்து மூடிபோல் இருப்பதால் உள் ஈரத்தை வெயில் உறிஞ்ச முடிவதில்லை. அடியில் நீர் புகாத கெட்டித் தரை இருந்தால், தாழ்வான இடத்தில் அது கசிந்து வருகிறது. இது இருக்கட்டும். கதையைப் பாருங்கள். குற்றமற்ற ஒரு பெண்ணை அநியாயமாய்க் கொன்றார்கள் என்று ஜனங்கள் மனம் பொறுக்காமல் சொல்லிவந்த துக்கம் அதில் இருக்கிறது. அந்தத் துக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் சாபத்தால் மண் சிவக்கும் என்பது உண்மையானால், தோழர்களே, நம் நாஞ்சில் நாடு எப்போதோ சிவந்திருக்க வேண்டாமா? பனையேறிகளின் பெண்மக்கள் மார்பை மூடக் கூடாது என்று இந்த நாட்டில் தடை இருந்ததே! 1859-இல் அல்லவா அத்தடை தளர்ந்தது, அதுவும் உயர்ஜாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! அந்தத் தாய்மார்கள் விட்ட கண்ணீர் கொஞ்சமா? நம் வயல் சிவந்ததா? இல்லையே! சாபம் ஒன்றும் செய்யவில்லை. அடியும் உதையும் பட்டு, துணி கிழிபட்டு, விடாமல் போராடியது செய்தது.

நாங்கள் வழி தவறியது

பகல் சாப்பாட்டிற்குப் பிறகு இன்னொரு பள்ளத்தைக் காட்டுகிறேன் என்று வழிகாட்டி அழைத்துப் போனார். காற்று எழும்பியது. முகத்தில் மணல் ஊசிபோல் குத்திற்று. கால் மணி நேரத்தில் நாங்கள் வந்த காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. சூரியனைப் பார்க்கலாம் என்றால் உச்சி வேளை, நிழல் காலடியிலேயே கிடந்தது. செல்போன் இருக்குமே என்பீர்கள். இருந்தது, தொடர்பு இல்லை, இரண்டு போன் சூட்டில் அணைந்தும் போயின. கொண்டு வந்த தண்ணீர் தீர்ந்தது. தனிச் செம்பு கொண்டு வந்த பெரியவருக்கு மயக்கம் வந்து ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

வழிகாட்டிக்குப் பயம் வந்துவிட்டது. அவர் எங்களைப் பார்த்து, "சுத்தமில்லாமல் யாராவது வந்திருக்கிறீர்களா? பெண்களில் யாருக்காவது தீட்டா? அய்யனார் கண்ணை மறைக்கிறார்" என்று கேட்டுவிட்டார்.

எல்லோருடைய கண்ணும் அந்தக் கல்லூரி மாணவியின்மேல் போயிற்று. அந்தப் பெண் தலையைக் குனிந்து கொண்டது. காலையில் அந்தக் கதையைக் கேட்டு, "அய்யோ, மாம்பழம் தானாக விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள்?" என்று கேட்டது அந்தப் பெண்தான். இப்போது வழி தவறியதற்கு அவள் குற்றவாளி! தோழர்களே, வெட்கம் என்று முதலில் சொன்னோமே, அது இதுதான். எத்தனையோ மேடையில் பேசிய நாங்களும் அந்தக் கணத்தில் வாய் திறக்கவில்லை. தாகமும் பயமும் சேர்ந்தால் அறிவு எவ்வளவு சீக்கிரம் ஒதுங்கி நிற்கிறது என்று அன்று கண்டோம். அவளுடைய தாயார்தான், "வழி தெரியாதது உமக்கு. கேள்வி என் பிள்ளையிடமா?" என்று கேட்டார். அப்புறந்தான் எங்களுக்குச் சொரணை வந்தது.

ஆச்சி சொன்ன வழி

ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தபோது பனைக்கூட்டத்துக்கு நடுவில் புகை தெரிந்தது. அங்கே போனோம். அது ஒரு விடிலி. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிற ஓலைக்குடிசை. நாம் அக்கானி என்போமே, அதுதான் பதநீர். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆச்சி ஒருத்தி அடுப்படியில் துடுப்புப் போட்டுக் கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்கவில்லை. பனையோலைப் பட்டை மடக்கிப் பதநீர் ஊற்றினார். தனிச் செம்புக்காரப் பெரியவர் மூன்று பட்டை குடித்தார். அவர் ஆசாரத்திற்கு ஒன்றும் ஆகவில்லை, உயிர் வந்தது.

"ரோட்டுக்கு எப்படி ஆச்சி போறது?" என்று கேட்டோம்.

"காத்தைக் கேட்டா சொல்லுமே! இந்த மாசம் காத்து மேக்க இருந்துதான் வரும். முதுகுல காத்தை வாங்கிட்டு நடங்க, கிழக்க ரோடு வந்துரும்" என்றார்.

"காத்து நின்னுட்டுன்னா?" என்று கேட்டது அந்த மாணவி.

"தரையைப் பாரு மக்களே. மணல்ல வரி வரியா இருக்குல்லா? ஒரு பக்கம் சரிவா இருக்கும், ஒரு பக்கம் செங்குத்தா இருக்கும். செங்குத்துப் பக்கம் கிழக்கு."

காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் மணல் மெதுவாக ஏறும். மறுபக்கம் சரிந்து விழும். பாலைவன சாஸ்திரம் படித்தவர்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதும் இதுவே. எழுத்து வாசனை அறியாத ஆச்சி, நாற்பது ஐம்பது வருஷம் கண்ணைத் திறந்து பார்த்ததால் அறிந்திருந்தார். பாகு முறிந்துவிடும் என்று அவர் அடுப்பை விட்டு எங்களோடு வர முடியவில்லை. ஆகவே அந்த மாணவி முன்னால் நடந்தது. பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து வரியைப் பார்க்கும், கையைக் காட்டும். நாங்கள் பின்னால் போனோம். வழிகாட்டித் தம்பியும் பின்னால்தான் வந்தார். முக்கால் மணி நேரத்தில் ரோடு தெரிந்தது. அவர் அந்தப் பெண்ணிடம், "தங்கச்சி, தப்பாப் பேசிட்டேன்" என்றார். சொல்லத் தெரிந்த அளவுக்கு அவர் நல்லவர்.

செய்ய வேண்டியது என்ன?

தோழர்களே! அந்தத் தம்பியைக் கெடுத்தது அவர் மனமல்ல. அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள். வழிகாட்டி வேலை என்றால் எந்தக் கல்லில் எந்தக் கடவுள் கால் பட்டது என்று ஒப்பிப்பதுதான் என்று கற்றுக் கொடுத்துவிட்டார்கள். காற்றையும் மணலையும் சொல்லிக் கொடுக்கவில்லை. காரணம் தெரியாதவனுக்குக் கஷ்டம் வந்தால் அவன் குற்றவாளியைத் தேடுவான். தேடினால் கையில் அகப்படுவது பெரும்பாலும் ஒரு பெண்ணாகவோ, ஓர் ஏழையாகவோதான் இருக்கும். அதுவே மூடநம்பிக்கையால் வரும் பெரிய தீங்கு. கோயிலுக்குப் போவது போகாதது உங்கள் இஷ்டம். ஒரு பெண்ணைத் தலைகுனிய வைக்க மட்டும் யாருக்கும் இஷ்டமில்லை, உரிமையுமில்லை.

அந்த ஆச்சியின் விடிலியையும் மறக்க வேண்டாம். பனையேறி ஒருவர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம், காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். பாளை அரிவாளும் முருக்குத்தடியும் கலயமுமாக உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு செய்கிற வேலை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பத்திரிகையில் படித்துச் சந்தோஷப்பட்டோம். குறியீடு கருப்பட்டிக்குக் கிடைத்தது. மரமேறுகிறவருடைய பிள்ளைக்கு நல்ல படிப்பும், விழுந்தால் வைத்தியமும் கிடைக்கிறதா என்று கேட்பவர் யார்? மணல் பறந்து ஊரை மூடாமல் பிடித்துக் கொண்டிருப்பது அந்தப் பனைகளும் கொல்லாமரங்களும் உடைமரங்களுமேயாகும்.

ஆகவே நீங்களும் போய்ப் பாருங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு போங்கள். பெருங்கூட்டமாகப் போகாதீர்கள், பத்துப் பேர், பன்னிரண்டு பேர் போதும். வெயிலேறும் முன் உள்ளே போய்ப் பகலுக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆளுக்கு மூன்று நாலு லிட்டர் தண்ணீராவது எடுத்துக் கொள்ளுங்கள். தொப்பியோ துண்டோ தலையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டிலை மணலில் போட்டுவிட்டு வராதீர்கள். முக்கியமாக, அந்தந்த ஊர்ப் பனையேறிகளையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் வழிகாட்டியாகக் கூலி கொடுத்து அழைத்துக் கொள்ளுங்கள். அவர்கள் சொல்லுவதிலும் கதை வந்தால் ஏன், எப்படி என்று கேளுங்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது விடுமுறை நாட்களில் தன் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு சங்குத்துறைக் கடற்கரை மணலில் வரி பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறது. அடுத்த தடவை தேரிக்குப் போகும்போது தானே வழிகாட்டியாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறது. வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். வேனில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம்.